நாற்பத்தோராவது வினாடி

2011 ஜனவரி 9

ஹெர்டிஸ் அவர்களுக்கு,

லேப்டாப்பும் ஹெட்போனும் வந்து சேர்ந்தன. பெட்டியின் மேல் "எளிதில் உடையும், அனுப்புகிறவளைப் போல" என்று எழுதியிருந்தீர்கள். வென்கே அதைப் படித்துச் சிரித்தாள். இந்தப் பாதுகாப்பு இல்லத்துக்கு அவள்தான் பொறுப்பு. இணையம் வேலை செய்யவில்லை என்று இரண்டு தடவை சோதித்த பிறகே லேப்டாப்பை என் கையில் கொடுத்தாள். இங்கே கைபேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். கடிதங்கள்கூட வேறொரு ஊரின் அஞ்சல் பெட்டிக்குப் போய்த்தான் எங்களுக்கு வரும். தாமதமானால் கோபிக்காதீர்கள்.

உங்கள் இயக்குநர் பெண்டே நவம்பரில் இங்கே ஆவணப்படம் எடுக்க வந்தபோது நான் கேமரா முன்னால் வர மறுத்துவிட்டேன். சும்மா இருக்கவும் முடியவில்லை. மூன்று நாளும் அவருக்கு வயர் சுருட்டிக் கொடுத்தேன். கடைசி நாள், "இதையெல்லாம் யாரு ஒட்டிப் படமாக்குவாங்க?" என்று கேட்டேன். "பெர்கன்ல ஹெர்டிஸ்னு ஒருத்தி. வாய் நீளம், கை சுத்தம்" என்றார். எனக்குக் கற்றுக்கொடுப்பாளா என்று கேட்கும்போது என் முகம் சிவந்துவிட்டது. நாற்பத்தாறு வயதில் கேட்கிற கேள்வியா அது?

நான் நூலகத்தில் வேலை பார்த்தவள், அர்ன்ஸ்டைன் விடச் சொல்லும் வரை. அவன் என் கணவன். இப்போது நானும் ஒன்பது வயது மகள் தீரிலும் இங்கே இருக்கிறோம். வெளியே போனால் ஏதாவது பிழைப்பு வேண்டும். ஆட்கள் வந்து போகிற இடத்தில் என்னால் நிற்க முடியாது. கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார முடியாது. ஒரு அறைக்குள் இருந்தே செய்கிற வேலை என்று பெண்டே சொன்னார். அதனால்தான் கேட்டேன். வேறு பெரிய ஆசை எதுவும் இல்லை.

இங்குன்

*

2011 ஜனவரி 16, பெர்கன்

அன்புள்ள இங்குன்,

பெரிய ஆசை இல்லாதவர்கள்தான் இந்தத் தொழிலில் நிலைத்து நிற்கிறார்கள். மற்றவர்கள் இயக்குநராகி நாசமாய்ப் போகிறார்கள். நான் உங்களைவிடப் பதின்மூன்று வயது சின்னவள். அதனால் திட்டினாலும் மரியாதையாகத் திட்டுகிறேன்.

ஹார்ட் டிஸ்க்கில் முதல் பயிற்சி இருக்கிறது. ஒரு ரொட்டிக்கடையில் எடுத்த நாற்பது நிமிடம். மூன்று நிமிடமாக்கி அனுப்புங்கள். கடைக்காரர் கையைத் தூக்கும்போது வெட்டி, அடுத்த ஷாட்டில் கை இறங்கும்போது சேருங்கள். பார்ப்பவர் கையைப் பார்ப்பார், வெட்டைப் பார்க்க மாட்டார். முடித்ததும் படத்தை அணைத்துவிட்டுக் காதால் மட்டும் கேளுங்கள். கண் ஏமாறும் இடத்தில் காது ஏமாறாது.

இன்னொன்று. எந்த அறையும் முழு மௌனமாக இருப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு சத்தம் உண்டு. ஹீட்டர், ஜன்னல், சுவர். படம் பிடித்து முடிந்ததும் எல்லோரையும் வாய்மூடச் சொல்லி, அந்த வெறும் அறையை அரை நிமிடம் பதிவு செய்வோம். பேச்சை வெட்டி ஒட்டும்போது நடுவில் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தை இந்த வெறும் சத்தத்தால் நிரப்புவோம். சுவரில் ஆணி அடித்த ஓட்டையைச் சுண்ணாம்பு வைத்துப் பூசுவதுபோல.

உங்கள் இல்லத்துப் படத்துக்கு இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். படமும் ஒலியும் இரண்டுமே என் தலையில். முகங்களை மறைத்து, குரல்களை மாற்றி, ஜன்னல் வழியே தெரிந்த மலையைக்கூட எடுத்துவிட்டேன். மார்ச் எட்டு, பெண்கள் தினத்தன்று ஒளிபரப்பு. நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று எனக்கே தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை.

ஹெர்டிஸ்

*

2011 ஜனவரி 30

அன்புள்ள ஹெர்டிஸ்,

ரொட்டிக்கடையை அனுப்பியிருக்கிறேன். மூன்று நிமிடம் பன்னிரண்டு வினாடி. அந்தப் பன்னிரண்டை விட மனம் வரவில்லை. கடைக்காரர் மாவில் உப்புப் போட மறந்து, தனக்குள் "அடச்சே" என்கிறாரே, அந்த இடம்.

படத்தை அணைத்துவிட்டுக் கேட்கச் சொன்னீர்கள். அது எனக்குச் சுலபம். ஏன் என்று சொன்னால்தான் நியாயமாக இருக்கும்.

அர்ன்ஸ்டைன் மீன் லாரி ஓட்டுகிறான். கடற்கரை நெடுக, ஆலைக்கு ஆலை. வாரத்தில் நான்கு நாள் வீட்டில் இருக்க மாட்டான். ஆனால் தொலைபேசி வரும். நான் எடுத்ததும் பேச மாட்டான். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருப்பான். பிறகு, "கிச்சன்ல நிக்கிற. ஃப்ரிட்ஜ் ஓடுது. ஏன் செருப்பு போட்டிருக்க, எங்க கிளம்புற?" என்பான். ஒரு தடவைகூடத் தப்பாகச் சொன்னதில்லை. நானும் என் வீட்டை அவன் காதால் கேட்கப் பழகினேன். எந்தப் பலகை முனகும், எந்தக் கதவு கிறீச்சிடும், மழை வரும்போது எந்த அறையில் நின்றால் மூச்சு கேட்காது. பதினாலு வருடம். அதைத் திறமை என்று யாராவது சொல்வார்கள் என்று நினைத்ததே இல்லை.

உங்கள் ரொட்டிக்கடையில் இருபதாவது நிமிடத்தில் பின்கதவு திறக்கிறது. யாரோ உள்ளே வந்து, திரும்பிப் போகிறார்கள். படத்தில் தெரியவில்லை. அந்த இடத்தில் மட்டும் எனக்கு வியர்த்துவிட்டது.

இங்குன்

*

2011 பிப்ரவரி 5, பெர்கன்

அன்புள்ள இங்குன்,

அந்தப் பன்னிரண்டு வினாடியைத் தொடாதீர்கள். "அடச்சே"தான் உங்கள் படம். பின்கதவில் வந்து போனவள் நான்தான், கேமரா பேட்டரி எடுக்க. ஆறு வருடமாக அந்தப் பதிவைப் பயிற்சிக்குக் கொடுக்கிறேன். இதுவரை ஒருவரும் என்னைக் கண்டுபிடித்ததில்லை.

தொலைபேசி பற்றி எழுதியதைப் படித்துவிட்டு எழுந்துபோய் என் அலுவலகத்துக் கதவைப் பூட்டினேன். ஏன் என்று தெரியவில்லை.

புதிய டிஸ்க்கில் அடுத்த பயிற்சி இருக்கிறது. கூடவே உங்கள் இல்லத்துப் படத்தின் டிரெய்லர். ஐம்பது வினாடி. திங்கட்கிழமை முதல் தொலைக்காட்சியிலும் அவர்களுடைய இணையதளத்திலும் வருகிறது. மூன்று நாள் தூங்காமல் செய்தது. மாணவியாக இல்லாமல், தொழில் தெரிந்தவளாகப் பார்த்துக் கருத்துச் சொல்லுங்கள். புகழ்ந்தாலும் தாங்கிக்கொள்வேன்.

ஹெர்டிஸ்

*

2011 பிப்ரவரி 10
வென்கே இதை ஃபேக்ஸில் அனுப்புகிறாள்

ஹெர்டிஸ்,

நாற்பத்தோராவது வினாடி. எங்களோடு இங்கே தங்கியிருக்கிற மார்கித் "கதவைப் பூட்டினதுக்கு அப்புறமும்" என்று சொல்லி நிறுத்துகிற இடம். அந்த நிறுத்தத்துக்கு அடியில் இந்த ஊர் மீன் ஆலையின் சங்கு கேட்கிறது. இரண்டு நீளம், ஒரு குட்டை. குட்டையானது தொண்டை கட்டிய மாதிரி உடையும். இந்தக் கடற்கரையில் அப்படி ஊதுகிற சங்கு ஒன்றுதான்.

அர்ன்ஸ்டைன் இரண்டு குளிர்காலம் இங்கே மீன் ஏற்றியிருக்கிறான். அவன் லாரி இந்தப் பக்கம் வந்து மூன்று வருடம் ஆகிவிட்டது என்று விசாரித்த பிறகுதான் எங்களை இங்கே வைத்தார்கள். ஆனால் சங்கு அவனுக்கு மறக்காது. சாப்பாட்டு மேசையில் ஒவ்வொரு ஆலைச் சங்கையும் வாயால் ஊதிக் காட்டுவான். "இது எந்த ஊரு, சொல்லு பார்ப்போம்" என்று தீரிலைக் கேட்பான். அவள் சரியாகச் சொன்னால் சிரிப்பான். எங்கள் வீட்டில் சிரிப்பு வந்த வேளை அது ஒன்றுதான்.

வென்கே காலையில் பெண்டேவுக்குத் தொலைபேசி செய்தாள். பெண்டே உன்னைக் கேட்டாராம். ஒன்றும் இல்லை என்று நீ சொன்னாயாம். டிவியில் கேட்காதுதான். அவன் டிவியில் பார்க்க மாட்டான். லாரிக்குள் உட்கார்ந்து கைபேசியில், ஹெட்போன் போட்டுக்கொண்டு பார்ப்பான்.

எடுத்துவிடு. இன்றைக்கே.

இங்குன்

*

2011 பிப்ரவரி 11, பெர்கன்
ஃபேக்ஸ்

அன்புள்ள இங்குன்,

உங்கள் பதற்றம் எனக்குப் புரிகிறது. உங்களுக்காக டிரெய்லரை மூன்று முறை முழுதாக ஓட்டிப் பார்த்தேன். நாற்பத்தொன்றில் இருப்பது அறையின் சத்தம் மட்டுமே. ஹீட்டர் குழாயாக இருக்கலாம். மார்கித்தின் பேச்சைப் பதிவு செய்தபோது சங்கு எதுவும் ஊதவில்லை, மூலத்தைச் சரிபார்த்துவிட்டேன்.

பதினோரு வருடமாக இந்த வேலை செய்கிறேன். புதிதாகக் கேட்கப் பழகுகிறவர்களுக்கு முதல் சில மாதம் எல்லாமே கேட்கும். பயந்த காதுக்கு இன்னும் கூடுதலாகக் கேட்கும். டிரெய்லரை நிறுத்தினால் நிலையம் படத்தையே சந்தேகப்படும். உங்களைப் போன்றவர்களுக்காக எடுத்த படம் இது. கொஞ்சம் ஓய்வெடுங்கள்.

ஹெர்டிஸ்

*

2011 பிப்ரவரி 13

ஹெர்டிஸ்,

இதோடு ஒரு டிஸ்க் இருக்கிறது. நீ கொடுக்காத பயிற்சி.

நீ சொல்லிக்கொடுத்தபடிதான் செய்தேன். நாற்பது முதல் நாற்பத்துநான்கு வரை தனியே வெட்டினேன். மார்கித்தின் குரல் இருக்கும் ஒலிப்பட்டையைக் குறைத்தேன். அடியில் உறுமும் சத்தத்தை நீக்கினேன். மீதியைத் திரும்பத் திரும்ப ஓட விட்டேன். மார்கித்தின் குரலை மாற்றியிருக்கிறாய். சங்கின் சுருதி மாறவில்லை. அப்படியானால் அது அவள் பேச்சோடு வந்ததில்லை. நீ வேறு எங்கிருந்தோ எடுத்து வைத்தது.

நாங்கள் இப்போது அந்த இல்லத்தில் இல்லை. உன் ஃபேக்ஸ் வந்த மாலையில் அதை வென்கேயின் மேசையில் வைத்தேன். அவள் ஹெட்போன் போட்டு நாலு தடவை கேட்டாள். "எனக்கு ஒண்ணும் கேக்கலை, இங்குன்" என்றாள். "சரி, நான்தான் பைத்தியம்" என்றேன். அவள் எழுந்து அலமாரியைத் திறந்து என் கைபேசி இருந்த உறையை எடுத்தாள். "எனக்குக் கேக்கலைன்னுதான் சொன்னேன். உனக்குக் கேட்டுச்சில்ல, அது போதும். பையை எடு" என்றாள்.

ஏழு பெண்கள், பதினோரு குழந்தைகள். மறுநாள் மதியத்துக்குள் எல்லோரும் வேறு வேறு வண்டியில் ஏறினோம். தீரில் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்த வண்ணப் பென்சில்களைக் கேட்டு அழுதாள். அதை எடுக்கப் போக விடவில்லை.

மார்கித் மட்டும் வண்டியில் ஏறவில்லை. "இது நாலாவது ஊர். இனிமே முடியாது. ஓடி ஓடிச் சாகறதுக்கு வீட்டுலயே செத்துப் போறேன்" என்றாள். அவள் கணவனே வந்து அழைத்துப் போனான். பூங்கொத்து கொண்டுவந்திருந்தான்.

இங்குன்

*

2011 பிப்ரவரி 16, பெர்கன்

இங்குன்,

டிரெய்லர் நேற்று மாலை நாலு மணியிலிருந்து எங்கேயும் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன் என்று எழுதினேன். ஒரு முறைகூட ஓட்டவில்லை. பெண்டே கூப்பிட்டபோது வேறு வேலையில் இருந்தேன். "ஒண்ணும் இல்ல, சுத்தமா இருக்கு" என்று வாயில் வந்ததைச் சொன்னேன். சொன்ன பிறகு கேட்கப் பயமாகிவிட்டது. கேட்டால் இருக்கும் என்று உள்ளுக்குள் எனக்குத் தெரியும். தெரியாமல் இருந்தால் நான் செய்ததாகாது என்று ஒரு நினைப்பு. உங்கள் டிஸ்க்கைப் போட்டபோதுதான் முதல் தடவை கேட்டேன். ஹெட்போனே தேவைப்படவில்லை.

நீங்கள் சொன்னது சரி. மார்கித்தின் பேச்சில் ஒரு பெயர் வந்தது. அதை வெட்டினேன். பள்ளம் விழுந்தது. நிரப்புவதற்கு அந்த அறையின் வெறும் சத்தத்தைத் தேடினேன். வேறொரு நாள் பதிவு செய்த அரை நிமிடம் கிடைத்தது. நாலு வினாடியை எடுத்துப் பூசினேன். சங்கு அதற்குள் இருந்தது. எனக்கு அது சுண்ணாம்பு மாதிரிதான் தெரிந்தது.

பெண்டேவிடமும் நிலையத்திடமும் உள்ளபடி சொல்லிவிட்டேன். ஒளிபரப்பைத் தள்ளி வைத்துவிட்டார்கள். மார்கித்தைப் பற்றி வென்கேயிடம் கேட்டேன். சொல்ல மறுத்துவிட்டாள். உங்களுக்கு ஏதாவது தெரிந்தால்

அந்த வரியை எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. அப்படியே அனுப்புகிறேன்.

ஹெர்டிஸ்

*

2011 மார்ச் 1

ஹெர்டிஸ்,

அவன் வந்தான்.

பிப்ரவரி பதினேழாம் தேதி. மீன் ஏற்ற இல்லை, சொந்தக் காரில். முதலில் ஆலையின் உணவகத்துக்குப் போயிருக்கிறான். மீன் கேக் வாங்கி, காபி குடித்து, பரிமாறுகிற பெண்ணிடம், "இந்த ஊர்ல பள்ளிக்கூடம் எத்தனை?" என்று கேட்டிருக்கிறான். ஒன்றுதான் என்றாளாம். அன்றைக்கும் மறுநாளும் பள்ளிக்கூடத்துக்கு எதிரே காரிலேயே உட்கார்ந்திருந்தான். கார் என்ஜினை அணைத்திருந்தான். அந்தக் குளிரிலும் ஜன்னல் கண்ணாடியை நாலு விரல் இறக்கியிருந்தான் என்று தீரிலின் ஆசிரியை போலீசிடம் சொன்னார். பிள்ளைகள் விளையாடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். ஆசிரியைக்குச் சந்தேகம் வந்து தொலைபேசி செய்தார். எங்களை நெருங்கக் கூடாது என்று அவன்மேல் உத்தரவு இருக்கிறது. அதனால் பிடித்து வைத்திருக்கிறார்கள். கார் பின்பெட்டியில் என்ன இருந்தது என்று வென்கே சொன்னாள். அதை எழுத மாட்டேன்.

நாங்கள் போய் ஐந்து நாள் ஆகியிருந்தது. உன் வார்த்தையைக் கேட்டு உட்கார்ந்திருந்தால் தீரில் அந்த மைதானத்தில் இருந்திருப்பாள். அவள் சத்தம் போட்டு விளையாடுகிறவள்.

நீ மன்னிப்புக் கேட்கவில்லை, கவனித்தேன். நல்லது. கேட்டிருந்தால் என்ன சொல்வது என்று தெரிந்திருக்காது.

மார்கித்தைப் பற்றி எங்களுக்கும் தெரியாது. அவள் வெளியே போகும்போது அவள் கணவன் கதவைத் திறந்து பிடித்திருந்தான். "நன்றி" என்றாள். அந்தக் குரலை நீ மாற்ற வேண்டியதே இருந்திருக்காது. யாருடைய குரல் மாதிரியும் இல்லை.

இங்குன்

*

2011 மார்ச் 9, பெர்கன்

இங்குன்,

நேற்று நம் படம் வர வேண்டிய நேரத்தில் பனிச்சறுக்குப் போட்டி போட்டார்கள். நான் முழுதாகப் பார்த்தேன்.

நிலையம் படத்தை இலையுதிர்காலத்தில் போடத் தயாராக இருக்கிறது. ஒரு நிபந்தனை: வேறொருவர் ஒலி முழுவதையும் கேட்டுச் சரி என்று கையெழுத்துப் போட வேண்டும். பெரிய பெரிய பெயர்களாகச் சொன்னார்கள். "அவங்களுக்குக் கேக்காது. இதைக் கேக்கத் தெரிஞ்சவ ஒருத்திதான் இருக்கா" என்றேன். உங்களைக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. பெண்டே கேட்கச் சொன்னார், நான் கேட்கிறேன். முடியாது என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். உரிய சம்பளத்தோடுதான்.

மார்கித் வரும் இடம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். படத்தில் பதினொரு நிமிடம் குறைந்துவிட்டது. நடுவில் ஓட்டை. எதையும் வைத்து நிரப்பவில்லை.

ஹெர்டிஸ்

*

2011 ஏப்ரல் 17

ஹெர்டிஸ்,

ஒன்றரை மணி நேரப் படத்தைப் பத்தொன்பது நாள் கேட்டேன். எங்களைக் காட்டிக்கொடுக்கிற இடம் பதினாலு இருக்கிறது. தனித்தாளில் எழுதியிருக்கிறேன். முக்கியமானவை இங்கே.

ஆறாவது நிமிடத்தில் அடுப்படி வானொலி. உள்ளூர் மரக்கடை விளம்பரம். பெயர் கேட்கவில்லை, பாட்டு கேட்கிறது. இருபத்திரண்டில் ஒரு குழந்தை "அத்தை" என்பதற்குச் சொல்கிற சொல் அந்தப் பள்ளத்தாக்கில் மட்டும்தான் உண்டு. முப்பத்தொன்பதில் கப்பல் புறப்படுகிற மணி.

ஐம்பத்தெட்டு. படிக்கட்டில் ஒரு பெண் இருமிக்கொண்டு இறங்குகிறாள். முகம் இல்லை, பேச்சு இல்லை. உனக்கு மிகவும் பிடித்த ஷாட் என்று பெண்டே எழுதியிருந்தார். எடுத்துவிடு. பதினாலு வருடம் பக்கத்தில் படுத்தவனுக்கு இருமல் போதும்.

அது என் இருமல்.

கேட்கும்போது பயமாக இல்லையா என்று வென்கே கேட்டாள். பயமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு நாளும் முதல் அரை மணி நேரம் எழுந்து எழுந்து போய்க் கதவுப் பூட்டைப் பார்க்கிறேன். பிறகு வேலை வந்துவிடுகிறது.

எட்டாவது நிமிடத்தில் இரண்டு பேச்சுக்கு நடுவே நீ விட்டிருக்கிற இடைவெளி அழகாக இருக்கிறது. அதை எப்படிச் செய்தாய் என்று சொல்லிக்கொடு.

இங்குன்

*

2011 மே 3, பெர்கன்

அன்புள்ள இங்குன்,

பதினாலையும் எடுத்துவிட்டேன். இருமலை முதலில். எட்டாவது நிமிடத்து இடைவெளி எப்படி என்று இரண்டு பக்கம் தனியே எழுதி வைத்திருக்கிறேன்.

வென்கே உங்களுக்கு வேலை தேடுவதாகச் சொன்னாள். ஊரைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஏழு ஊர்களில் எனக்குத் தெரிந்த ஒலிக்கூடக்காரர்கள் ஏழு பேரின் பெயரைக் கொடுத்திருக்கிறேன். யாரிடமாவது நீங்கள் போனால் எனக்குத் தெரிய வராது. அந்த ஏழு பேரிடமும் ஒரே வார்த்தைதான் சொன்னேன்: "வந்தா விட்டுடாதே. என்னைவிட நல்லாக் கேப்பா."

ஹெர்டிஸ்

*

2011 ஜூன் 19

அன்புள்ள ஹெர்டிஸ்,

வேலை கிடைத்தது. உன் ஏழு பேரில் ஒருவர். பெயர் சொல்ல மாட்டேன். ஆள் வாசலை அடைக்கிற உயரம். குழந்தைகள் படங்களுக்குக் குரல் சேர்ப்பதுதான் இங்கே பெரும்பாலும் வேலை.

முதல் நாள் ஒலி அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். அப்படி ஒரு கதவை நான் பார்த்ததில்லை, ஒரு முழம் தடிமன். சாத்தியதும் உலகம் நின்றுவிட்டது. மாடிப்படி இல்லை, தெரு இல்லை. வெளியே யார் வந்து நின்றாலும் கேட்காது. உள்ளே நான் கத்தினாலும் யாருக்கும் கேட்காது. என் ரத்தம் ஓடுவது மட்டும் காதில் கேட்டது. கதவைத் திறந்துகொண்டு தெரு வரை ஓடிவிட்டேன்.

அவர் பின்னால் வரவில்லை. ஜன்னலைத் திறந்து மேலிருந்து, "கதவைத் திறந்து வச்சே வேலை செய்யலாம். பக்கத்து முடிவெட்டுற கடைச் சத்தம் எல்லாப் படத்துலயும் விழும். பிள்ளைங்க கண்டுக்க மாட்டாங்க" என்றார். மேலே போனேன். இரண்டு வாரம் அப்படித்தான் வேலை செய்தோம். அவரே ஒரு நாள் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு ஒன்று மாட்டினார். நடைவழியில் யாராவது கால் வைத்தால் எரியும். நாற்காலியைக் கதவைப் பார்க்கத் திருப்பிப் போட்டேன். ஆனால் திரை எதிர்ப்பக்கம் இருக்கிறது. வேலை செய்யும்போது முதுகு கதவுக்குத்தான்.

அர்ன்ஸ்டைனுக்கு எட்டு மாதம் கிடைத்திருக்கிறது. பிடித்த நாளிலிருந்து கணக்கு. அக்டோபரில் வெளியே வருவான். மார்கித்திடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. வென்கே மாதம் ஒரு முறை அந்த ஊர்ப் போலீசைக் கேட்கிறாள். "வீட்டில் விளக்கு எரிகிறது" என்கிறார்களாம்.

நேற்று முதல் தடவையாகக் கதவைச் சாத்திவிட்டு வேலை செய்தேன். ஒரு நரி கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துத் தன் பெயரைச் சொல்கிற காட்சி. எதிரொலி இரண்டு பிரேம் முந்தி விழுந்தது. அதைத் தள்ளுவதற்குக் கையை வைத்தபோது சுவரெல்லாம் சிவந்தது.

விளக்கு எரிகிறது. யார் என்று தெரியாது. திரும்பினால் தெரிந்துவிடும். அவனாக இருக்க முடியாது, உள்ளே இருக்கிறான் என்று புத்திக்குத் தெரிகிறது. உடம்புக்குத் தெரியவில்லை.

இரண்டு பிரேம் தள்ளினேன். ஒரு தடவை ஓட்டிக் கேட்டேன். சரியாக இருந்தது. அப்புறம்தான் திரும்பிப் பார்த்தேன்.

முதலாளிதான். காபி கொண்டுவந்திருந்தார். வாங்கும்போது பாதி கீழே சிந்தியது. அவர் துணி எடுக்கப் போனார்.

அந்தக் காட்சியை இதோடு அனுப்புகிறேன். குறை இருந்தால் மரியாதை பார்க்காமல் எழுது.

இங்குன்